கட்டு அவிழ்க்கும் நாள் இல்லாதவர்கள்

(மருத்துவமனை ஆதரவாளர் கூடுகையில் சாப்ளின் ஐயா ஆற்றிய உரை)



ஒவ்வொரு ஆண்டும் இந்தக் கூடுகைக்கு வரும்போது ஒரு படத்தைக் கையோடு கொண்டுவருவது எங்கள் வழக்கம். உங்களில் அநேகருக்கு அந்தப் படம் மனப்பாடம். கண்புரை அறுவை முடிந்த மறுநாள் காலை. வார்டில் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். நர்ஸ் அம்மா ஒவ்வொருவராகக் கட்டை அவிழ்த்துக்கொண்டே வருகிறார். ஒரு பாட்டி முதலில் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். பிறகு எதிரே நிற்கும் பேரனைப் பார்க்கிறார். பிறகு பொக்கை வாய் திறந்து சிரிக்கிறார். அந்தச் சிரிப்பை மடலில் அச்சடிக்கிறோம், நீங்கள் சபை அறிவிப்புப் பலகையில் ஒட்டுகிறீர்கள், காணிக்கை வருகிறது. இதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. நம் நாட்டில் பார்வை இழப்புக்கு முதல் காரணம் கண்புரைதான். அரைமணி நேர அறுவையில் தீர்ந்துபோகிற இருட்டு அது. தீர்க்காமல் விடுவது பாவம் என்றே நாங்கள் சொல்லுவோம்.

ஆனால் இந்த ஆண்டு நாங்கள் படம் கொண்டுவரவில்லை. கட்டு அவிழ்க்கும் நாள் என்று ஒன்று வராத நோயாளிகளைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறோம். நம் கண் பிரிவிலே அவர்களும் அதே பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களைப் படம் எடுத்தால் அதில் காட்டுவதற்கு ஒன்றும் இராது. அதனாலேயே இத்தனை வருஷமாக உங்களிடம் அவர்களைப் பற்றிப் பேசாமல் இருந்துவிட்டோம்.

ஒருவரைச் சொல்லுகிறோம். அவருடைய அனுமதியோடுதான் சொல்லுகிறோம். பெயர் வேண்டாம் என்றார், ஆம்பூர்ப் பக்கம் என்பதோடு நிறுத்திக்கொள்ளுகிறோம். ஷூ கம்பெனியில் கட்டிங் பிரிவில் வேலை. முதன்முதல் நாங்கள் சந்தித்தபோது வயது இருபத்தாறு. தோலை விரித்து, அதன் மேல் டையை வைத்து, பிரஸ்ஸை இறக்கி அப்பருக்கான துண்டுகளை வெட்டியெடுக்கிற வேலை. கண்ணும் கையும் ஒன்றுசேர்ந்து ஓட வேண்டும். அதில் அவர் கெட்டிக்காரர். தோலில் கடுகளவு கீறல் இருந்தாலும் கண்டுபிடித்து ஒதுக்கிவிடுவாராம். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

செகண்ட் ஷிப்ட் முடித்து இரவு வண்டியில் வீட்டுக்குப் போகையில், சாலையோரம் படுத்திருந்த மாட்டின் மேல் ஏற்றிவிட்டார். கை முறிந்தது. எலும்பு வைத்தியரிடம் வந்தவரை அவர்தாம் கண் பிரிவுக்கு அனுப்பினார். ஏன் தெரியுமா? "மாட்டைப் பார்க்கவில்லையா?" என்று கேட்டதற்கு, "ராத்திரியில் எனக்கு எப்பவுமே இப்படித்தான் சார், எல்லாருக்கும் இப்படித்தான் இருக்கும்னு நினைச்சேன்" என்றாராம்.

பிறகு விசாரிக்க விசாரிக்க ஒவ்வொன்றாக வெளியே வந்தது. சின்ன வயதில் மாலை மங்கினால் தெருவில் விளையாட மாட்டார். அம்மாவுக்கு மாலைக்கண் என்று சந்தேகம். ஆகவே முருங்கைக்கீரை, பப்பாளி, ஞாயிறு தவறாமல் ஆட்டு ஈரல். டிசம்பர் மாதத்தில் சபை வாலிபர்களோடு கேரல் ரவுண்ட்ஸ் போகும்போது எப்போதும் ஒரு நண்பனின் தோளைப் பிடித்துக்கொண்டே போவார். ஒரு வருஷம் தோளை விட்டதில் சாக்கடையில் விழுந்தார். அத்தோடு கேரல் ரவுண்ட்ஸ் நின்றுபோயிற்று. கம்பெனியில் கீழே கிடக்கிற பெட்டிகளை இடறுவார், கூட வேலை செய்கிறவர்கள் குடித்திருக்கிறான் என்றார்கள். கோவில் வாசலில் பக்கத்தில் நின்று ஸ்தோத்திரம் சொன்னால் திரும்பிப் பார்க்க மாட்டார், சம்பளம் வந்ததும் தலைக்கனம் என்று சபையார் சொன்னார்கள். நாங்கள் பார்த்த இப்படிப்பட்ட நோயாளிகளில் பெரும்பாலும் எல்லாரும் நோயின் பெயரைக் கேட்பதற்கு முன் இந்த இரண்டு பட்டத்தையும் வாங்கியவர்கள்தாம்: குடிகாரன், தலைக்கனம் பிடித்தவன்.

நோயின் பெயர் ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா. வாயில் நுழையாத பெயர். நோயாளிகள் சுருக்கமாக ஆர்.பி. என்பார்கள். கண்ணின் உள்சுவரில் விழித்திரை என்று ஒரு மெல்லிய படலம் இருக்கிறது. காமிராவில் பிலிம் மாதிரி என்று முன்பெல்லாம் சொல்லுவோம், இப்போது பிலிமைக் கண்ட பிள்ளைகள் குறைவு. அந்தப் படலத்தில் மங்கல் வெளிச்சத்திலும் பக்கவாட்டிலும் பார்க்க உதவும் உயிரணுக்கள் ஒருவகை, நேர்ப்பார்வைக்கும் நிறத்துக்கும் உதவுபவை இன்னொரு வகை. இந்நோயில் முதல்வகை மெல்ல மெல்ல மடிகிறது. ஆகவே முதலில் இரவுப் பார்வை போகும். பிறகு பக்கப் பார்வை ஓரத்திலிருந்து சுருங்கிக்கொண்டே வரும், மூங்கில் குழாய் வழியாகப் பார்ப்பதுபோல. நடுப்பார்வை பல ஆண்டுகள் நிற்கும். அதனால்தான் அந்தத் தம்பியால் தோலில் கடுகளவு கீறலைக் காண முடிந்தது, காலடியில் கிடந்த பெட்டியைக் காண முடியவில்லை. இல்லாத இடம் கறுப்பாகவும் தெரியாது. தெரியாத இடம் தெரியவில்லை என்பதே தெரியாது. அதுதான் இதன் தந்திரம்.

உலகத்தில் ஏறக்குறைய நாலாயிரம் பேரில் ஒருவருக்கு என்று பொதுவாகக் கணக்குச் சொல்லுகிறார்கள். தென்னிந்தியாவில் எடுத்த ஆய்வுகளில் அதைவிடக் கூடுதலாகவே காணப்பட்டது. காரணத்துக்குப் பிறகு வருகிறோம்.

அம்மா கொடுத்த ஈரலைப் பற்றி ஒரு வார்த்தை. அந்தத் தாயின் மேல் குற்றமே இல்லை. வைட்டமின் ஏ குறைவினால் வருகிற மாலைக்கண் நம் பிள்ளைகளுக்குப் பெரிய எதிரியாக இருந்தது. 1970இல் அரசாங்கமே குழந்தைகளுக்கு வைட்டமின் ஏ மருந்து கொடுக்கும் திட்டத்தைத் தொடங்கியது. அந்த மாலைக்கண் கீரைக்கும் ஈரலுக்கும் மருந்துக்கும் பணியும். இந்த மாலைக்கண் பணியாது. இரண்டும் ஒரே முகத்தோடு வருகிறது. அவ்வளவுதான்.

அன்பானவர்களே, இப்போது நாங்கள் சொல்ல வேண்டியது எங்களுக்குச் சுலபமானதல்ல.

டாக்டர் அன்றைக்கு உண்மையைத்தான் சொன்னார். இது பரம்பரை நோய், மருந்து இல்லை, அறுவை இல்லை, மெதுவாகக் கூடும், முற்றிலும் பார்வை போகும் என்று சொல்ல முடியாது, போகாது என்றும் சொல்ல முடியாது. வெளியே நூற்றைம்பது பேர் காத்திருக்கையில் இதற்குமேல் விவரமாக எப்படிச் சொல்லுவது? தாயும் மகனும் சிற்றாலயத்துப் பெஞ்சில் வந்து உட்கார்ந்தார்கள். நர்ஸ் அம்மா எங்களைக் கூப்பிட்டனுப்பினார். நாங்கள் போனோம், விவரம் கேட்டோம், உடனே எழுந்து நின்று ஜெபித்தோம். பூரண சுகத்துக்காக, உருக்கமாக, நீளமாக ஜெபித்தோம். பர்திமேயுவின் கண்களைத் திறந்தவரே என்று கூப்பிட்டோம். அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஆமென் என்றார். மகன் வாயைத் திறக்கவில்லை. கையைக் குலுக்கி, விசுவாசத்தோடு போங்கள் தம்பி என்று அனுப்பிவைத்தோம். எங்களுக்கு அடுத்த வார்டு இருந்தது.

ஒன்றரை வருஷம் அவர் திரும்பி வரவில்லை.

அந்த ஒன்றரை வருஷத்தில் நடந்ததை அவரே பிறகு சொன்னார். அம்மாவின் வளையல் அடகுக்குப் போயிற்று. நூறு நாளில் நரம்பைத் தட்டி எழுப்புகிறோம் என்ற ஓரிடத்தில் சொட்டு மருந்தும் லேகியமும் வாங்கினார்கள். பிறகு ஒரு சுகமளிக்கும் கூட்டத்துக்குப் போனார்கள். மேடைக்கு அழைத்தார்கள். ஜெபத்துக்குப் பிறகு முகத்துக்கு நேராக மூன்று விரலைக் காட்டி, எத்தனை விரல் என்று கேட்டார்கள். மூன்று என்றார். இரண்டு காட்டினார்கள். இரண்டு என்றார். ஜனங்கள் கைதட்டி ஆர்ப்பரித்தார்கள். விளக்கு வெளிச்சத்தில், முகத்துக்கு நேரே காட்டுகிற விரல் அவருக்கு எந்நாளும் தெரிந்துதானே இருந்தது! அதை அந்த மேடையில் எப்படிச் சொல்லுவது? அம்மா பக்கத்தில் அழுதுகொண்டிருக்கிறார். பேசாமல் இறங்கிவந்தவர், மேடைப் படியின் கடைசிப் படி தெரியாமல் விழுந்தார். கூட்டத்தில் யாரும் கவனிக்கவில்லை என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை.

நாங்கள் சுகத்துக்காக ஜெபிப்பதை நிறுத்திவிட்டோம் என்று எண்ணவேண்டாம். இன்றும் ஜெபிக்கிறோம். ஆனால் அன்று எங்கள் ஜெபம் ஒரு கதவை மூடியது என்பதை இப்போது அறிந்திருக்கிறோம். சுகமாவாய் என்று ஊழியக்காரன் சொல்லி அனுப்பிவிட்டால், சுகமாகவில்லை என்று சொல்ல நோயாளி எந்த முகத்தோடு திரும்பி வருவான்? பவுல் அப்போஸ்தலன் மூன்றுதரம் கேட்டும் முள் நீங்கவில்லை. ஈசாக்கின் கண்கள் மங்கின, ஏலியின் கண்கள் மங்கின, யாக்கோபின் கண்களும் மங்கின. அவர்கள் விசுவாசக் குறைவுள்ளவர்கள் என்று எந்தப் பிரசங்கியாரும் சொல்லக் கேட்டதில்லை. குருத்துவக் கல்லூரியில் இதையெல்லாம் படித்தோம், தேர்வும் எழுதினோம். சிற்றாலயத்துப் பெஞ்சில் அது ஞாபகத்துக்கு வரவில்லை.

இரண்டாந்தரம் வந்தபோது நாங்கள் ஜெபத்தோடு தொடங்கவில்லை. தேநீர் வாங்கி வரச்சொன்னோம். அவர் பேசினார். எது பெரிய பயம் என்று கேட்டோம். கண் தெரியாமல் போவது என்று சொல்லுவார் என்று எதிர்பார்த்தோம். "தங்கச்சி கல்யாணம் முடியறவரைக்கும் இது வெளியே தெரியக்கூடாது, ஐயா" என்றார்.

இங்கேதான் சகோதரரே, விஷயம் கண் பிரிவை விட்டு வீட்டுக்குள் வருகிறது. அவருடைய தகப்பனாரும் தாயாரும் மாமன் மகள், அத்தை மகன். தங்கச்சிக்கு நிச்சயித்திருந்ததும் அத்தை மகனைத்தான். உறவு விட்டுப்போகக் கூடாது, சொத்து வெளியே போகக் கூடாது, பெண் தெரிந்த வீட்டில் இருப்பாள் என்பதெல்லாம் நம் ஜனங்களின் நியாயம். இந்தப் பக்கத்தில் கிறிஸ்தவர், இந்து, இஸ்லாமியர் என்ற வித்தியாசம் இதில் அதிகம் இல்லை. நாங்களும் எத்தனையோ சொந்தத் திருமணங்களைப் பலிபீடத்துக்கு முன் நின்று ஆசீர்வதித்திருக்கிறோம். மூன்று ஞாயிறு ஓலை வாசித்து, தடை உண்டா என்று சபையைக் கேட்டிருக்கிறோம். வீட்டில் யாருக்காவது இரவில் கண் தெரியாதா என்று ஒருநாளும் கேட்டதில்லை.

மரபணு ஆலோசகர் அவர்களுக்கு விளக்கியதை எங்களுக்கு விளங்கிய அளவில் சொல்லுகிறோம். கண்ணை நடத்துகிற ஒவ்வொரு கட்டளைக்கும் நம்மிடம் இரண்டு சீட்டு இருக்கிறது, அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று. ஒரு சீட்டில் எழுத்துப் பிழை இருந்தாலும் மற்றது சரியாக இருந்தால் கண் ஓடும், ஆள் சுகமாக இருப்பார், பிழை இருப்பது யாருக்கும் தெரியாது. இரண்டு சீட்டிலும் பிழை சேர்ந்தால்தான் நோய். ஒரே தாத்தா பாட்டியின் பேரப்பிள்ளைகள் இருவர் மணந்துகொண்டால், ஒரே பிழை இருவர் கையிலும் இருக்க வாய்ப்பு அதிகம். அப்படி இருவரும் பிழையைச் சுமந்திருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு அபாயம். நாலு பிள்ளையில் ஒன்றுக்கு வரும், மூன்று தப்பும் என்று அர்த்தமல்ல, ஒவ்வொரு பிரசவத்திலும் புதிதாகச் சீட்டு எடுப்பதுபோல. எல்லாக் குடும்பத்திலும் இப்படித்தான் வரும் என்பதும் இல்லை. சில குடும்பங்களில் தாய் வழியாக ஆண் பிள்ளைகளுக்கு வருகிறது, சிலவற்றில் ஒரு தலைமுறையும் தவறாமல் வருகிறது. சொந்தத்தில் மணக்காத குடும்பத்திலும் வரும். இந்தக் குடும்பத்தில் பரிசோதனை செய்தபோது நாங்கள் சொன்ன முதல் வகை என்று தெரிந்தது.

அம்மா கேட்ட முதல் கேள்வி, "அப்போ என்னாலதானா?" என்பது. இது யார் செய்த பாவம் என்று சீஷர்கள் பிறவிக் குருடனைக் காட்டி ஆண்டவரிடம் கேட்டார்கள், அவனும் அல்ல, பெற்றோரும் அல்ல என்று அவர் பதில் சொன்னார். இரண்டாயிரம் வருஷம் கழித்தும் ஆம்பூரில் அதே கேள்வியைத் தாய்மாரிடம்தான் கேட்கிறார்கள், தகப்பன்மாரிடம் அல்ல. இரண்டு பேரிடமிருந்தும் ஒவ்வொரு சீட்டு என்பதை அந்த அம்மாவுக்கு நாங்கள் மூன்று முறையாவது சொல்லியிருப்போம். மூன்றாம் முறைதான் தலையாட்டினார்.

மறைக்கலாமா, சொல்லலாமா? நாங்கள் தீர்ப்புச் சொல்லவில்லை. ஆனால் தங்கச்சிக்கு விஷயம் தெரியவேண்டும், வாழ்க்கை அவளுடையது என்று மட்டும் சொன்னோம். அவர் ஒரு மாதம் யோசித்துச் சொன்னார். அந்தப் பெண் துணிச்சல்காரி. ஸ்டிட்சிங் பிரிவில் வேலை. தானே விடுப்புப் போட்டுக்கொண்டு அண்ணனோடு ஆலோசனைக்கு வந்தாள். கண்ணைச் சோதித்ததில் அவளுக்கு நோய் இல்லை. ஆனால் பிழையைச் சுமப்பவளாக இருக்கலாம், மாப்பிள்ளையும் சோதித்துப் பார்ப்பது நல்லது என்று ஆலோசகர் சொன்னார். மாப்பிள்ளை வீட்டார் சோதனைக்கு ஒப்பவில்லை. அவமானம் என்றார்கள். கல்யாணம் நின்றது. அத்தை வீட்டார் இரண்டு வருஷம் இவர்கள் வாசலை மிதிக்கவில்லை. உண்மை சொன்னதும் எல்லாம் நன்மையாக முடிந்தது என்று இந்த மேடையில் சொல்ல ஆசைதான். அப்படி நடக்கவில்லை. அந்தப் பெண்ணுக்குப் பிறகு வேறிடத்தில் திருமணம் நடந்தது. அத்தை இன்றும் சரியாகப் பேசுவதில்லை.

மருந்து இல்லை என்றால் செய்வதற்கு ஒன்றுமில்லை என்பதல்ல. எங்களுக்கே இது மெதுவாகத்தான் புரிந்தது. முதலாவது, பெயர் சரிதானா என்று பார்க்க வேண்டும். நம் நாட்டு வாலிபர்களுக்கு வருகிற ஈல்ஸ் நோய் என்று ஒன்று உண்டு. 1880இல் ஹென்றி ஈல்ஸ் என்ற ஆங்கில மருத்துவர் விவரித்தது. மேல்நாட்டில் அபூர்வம், நம்மிடம் அதைவிடக் கூடுதல். விழித்திரை இரத்தக்குழாய் வீங்கி, கண்ணுக்குள் இரத்தம் கசியும். அதற்கு லேசரும் மருந்தும் உண்டு, நேரத்தோடு வந்தால் பார்வை நிற்கும். விழித்திரை என்றாலே முடிந்தது என்று வீட்டில் உட்கார்ந்துவிடுகிறவன் அதையும் இழந்துவிடுவான். ஆர்.பி. உள்ளவருக்கும் பிற்பாடு கண்புரை வரும், நடுவிழித்திரையில் நீர் கோர்க்கும். அவற்றுக்கு வைத்தியம் உண்டு. ஆகவே வருஷத்துக்கு ஒருதரம் வரவேண்டும். வைட்டமின் ஏ மாத்திரையைக் கடையில் வாங்கித் தானாகவே விழுங்கக் கூடாது, அளவு மிஞ்சினால் ஈரலுக்கும், கருவுற்ற தாய்மாருக்கும் ஆபத்து. சிலவகை விழித்திரை நோயில் அது கெடுதலே செய்யும்.

பத்திரிகைத் துண்டுகளை வெட்டிக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. அமெரிக்காவில் மருந்து கண்டுபிடித்தாயிற்றாமே ஐயா என்பார்கள். பாதி உண்மை. இந்நோய்க்குக் காரணமான மரபணுக்களில் முதலாவது 1990இல் அடையாளம் காணப்பட்டது. இன்றைக்கு எண்பதுக்கு மேல் தெரியும். அவற்றில் ஆர்.பி.ஈ. 65 என்ற ஒன்றில் பிழை உள்ளவர்களுக்கு மட்டும் உதவுகிற மரபணுச் சிகிச்சைக்கு 2017 டிசம்பரில் அமெரிக்க அரசு அனுமதி கொடுத்தது. இரண்டு கண்ணுக்கும் சேர்த்து அங்கே வைத்த விலை எட்டரை லட்சம் டாலர். அந்த மரபணுவில் பிழை உள்ளவர்கள் வெகு சிலரே. நம் தம்பி அவர்களில் ஒருவர் அல்ல. ஆனால் தன் பிழை எது என்று தெரிந்து வைத்திருப்பவருக்குத்தான் நாளை ஒரு மருந்து வந்தால் அது தனக்கா இல்லையா என்று தெரியும். ஆகவே மரபணுச் சோதனைக்குக் கொடுக்கிற காணிக்கையை வீண் என்று நாங்கள் நினைக்கவில்லை.

வேலை விஷயம் இன்னும் கடினம். கட்டிங் பிரஸ் அருகே பக்கப் பார்வை இல்லாதவர் நிற்பது விரலுக்கு ஆபத்து. தோல் பதனிடும் இடமாக இருந்தால் ஈரத்தரை, சுண்ணாம்புக் குழி, சுழலுகிற டிரம், கேட்கவே வேண்டாம். அவர் கம்பெனியில் சொல்லாமல் இருந்தார், சொன்னால் நிறுத்திவிடுவார்கள் என்ற பயம். 2016இல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பணியிலிருக்கும்போது ஊனமடைந்தவரை அரசு நிறுவனம் வேலையை விட்டு நீக்கவோ பதவியிறக்கவோ கூடாது என்று சொல்லுகிறது. தனியார் கம்பெனித் தொழிலாளிக்கு அந்தக் கேடயம் இல்லை. நாங்கள் கூடப்போய் மேலாளரிடம் பேசினோம். நல்ல மனுஷன். பகல் ஷிப்டில் பேக்கிங் பிரிவுக்கு மாற்றினார். ஜோடி சேர்த்து, காகிதம் சுற்றி, பெட்டியில் வைக்கிற வேலை. சம்பளம் குறைந்தது. விரல் பத்தும் இருக்கிறது.

அடையாள அட்டைக்கு மனுப் போடச் சொன்னபோது அவர் கோபித்துக்கொண்டார். "பலகையில் கடைசி வரிவரைக்கும் படிக்கிறேன், என்னைக் குருடன் என்று எழுதி வாங்கினால் அது மோசடி இல்லையா ஐயா?" என்றார். நேர்மையான கேள்வி. அதே சட்டம் பார்வைப் புலத்தையும் கணக்கில் எடுக்கிறது என்பதை அவர் அறியவில்லை. நடுப்பார்வை எவ்வளவு கூர்மையாக இருந்தாலும், புலம் பத்து டிகிரிக்குக் கீழே சுருங்கினால் சட்டப்படி அது பார்வையின்மை. நாற்பதிலிருந்து பத்து டிகிரிவரை குறைபார்வை. அப்போது ஆம்பூரும் வேலூர் மாவட்டத்தில் இருந்தது, திருப்பத்தூர் மாவட்டம் பிரிந்தது 2019இல்தான். ஆகவே வேலூருக்கு வந்து வாங்கினார். வாங்கியதைப் பல மாதம் வீட்டில் யாருக்கும் காட்டாமல் பெட்டியின் அடியில் வைத்திருந்தார்.

துக்கத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரு மரணம் நேர்ந்தால் அழுகிறோம், அடக்கம் செய்கிறோம், நாற்பதாம் நாள் ஜெபம் வைக்கிறோம், மெல்ல எழுகிறோம். இந்த நோயில் அடக்கம் இல்லை. வண்டி ஓட்டுவதை விட்ட நாள் ஒரு துக்கம். மாலைக்கு மேல் தனியே வெளியே போவதில்லை என்று முடிவெடுத்த நாள் ஒரு துக்கம். தவணை முறையில் வருகிற துக்கம். ஒவ்வொரு தவணைக்கும் யாராவது ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். எங்கள் வேலை அவ்வளவுதான் என்று இப்போது தோன்றுகிறது.

இந்த இடத்தில் எங்கள் சிறு கருத்து ஒன்று. நோய் தெரிந்த புதிதில் சாதனையாளர் கதைகளைச் சொல்லி ஆறுதல்படுத்தாதீர்கள். சப்ரியே டென்பெர்கன் என்ற ஜெர்மானியப் பெண்மணி விழித்திரை நோயினால் பன்னிரண்டு வயதுக்குள் முழுப் பார்வையும் இழந்தவர். திபெத்திய மொழிக்குப் பிரெய்ல் எழுத்து அமைத்தார், லாசாவில் பார்வையற்ற பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கினார், பிறகு நம் பக்கத்துத் திருவனந்தபுரத்தில் கந்தாரி என்ற பயிற்சி நிலையத்தையும் நிறுவினார். அருமையான ஜீவியம். ஆனால் முதல் வாரத்தில் இதைச் சொன்னால், நோயாளிக்கு இன்னொரு பாரம் ஏறுகிறது: பார்வையும் போகிறது, சாதனையும் செய்ய வேண்டும். ஒரு வருஷம் கழித்துச் சொல்லுங்கள், அவரே கேட்பார்.

வெள்ளைக் கோலுக்கு வருவோம். கோலை வாங்கிக் கொடுத்தது நீங்கள். மடக்கினால் பைக்குள் அடங்குகிற கோல். சொந்தத் தெருவில் அதை விரிக்க மாட்டேன் என்றார். சரி என்று வேலூருக்கு வரச்சொன்னோம், இங்கே அவரை யாருக்கும் தெரியாது. ஆம்பூரில் ரயிலேறி, காட்பாடியில் இறங்கி, பயிற்றுவிப்பவரோடு பிளாட்பாரத்தில் நடந்து பழகினார். ஓரங்குல மேடு பள்ளமும் கோல் நுனியில் தெரிகிறது. அதைவிட, எதிரே வருகிறவர்கள் விலகி வழி விடுகிறார்கள், யாரும் குடிகாரன் என்பதில்லை. நாலைந்து மாதம் ரயில் ஆம்பூரை நெருங்கும்போது கோலை மடக்கிப் பைக்குள் வைத்துக்கொண்டே இருந்தார். ஒருநாள் இறங்கும்போது கூட்டம் நெரித்தது, மடக்க நேரமில்லை. கோலோடேயே ஊருக்குள் நடந்து போய்விட்டார். போனால் போகிறது என்று விட்டுவிட்டேன் என்றார்.

நம் வேலூர் மண்ணுக்கு இது புதிதல்ல. ராபர்ட் ஷெல் என்ற நியூயார்க் வங்கிக்காரர், மரித்துப்போன தம் மனைவி மேரி டேபரின் ஞாபகமாகப் பத்தாயிரம் டாலர் கொடுத்தார். அதைக் கொண்டு டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையார் 1902இல் திறந்த ஷெல் மருத்துவமனைதான் பிற்காலத்தில் கண் மருத்துவமனையாயிற்று. திருப்பிக் கிடைக்காத ஒன்றின்பேரில் கொடுத்த காணிக்கை அது. பிறகு டாக்டர் மார்கரெட் பிராண்ட் அம்மையார் வந்தார், கண் வைத்தியத்தில் தனிப் பயிற்சி இல்லாமலேயே அங்கே வேலையைக் கற்றுக்கொண்டு, கரிகிரியில் குஷ்டரோகிகளின் கண்களுக்கு ஊழியம் செய்தார். அந்த நோயில் கண் உணர்வு மரத்து, இமை மூடாமல் போகும். போன பார்வை பெரும்பாலும் திரும்பாது. மீதி இருப்பதைக் காக்க, நினைத்து நினைத்து இமை கொட்டுங்கள் என்று அவர்களுக்குக் கற்றுக்கொடுக்க வேண்டியிருந்தது. இமை கொட்டக் கற்றுக்கொடுத்ததற்கு என்ன படம் எடுப்பது?

ஆகவே எங்கள் வேண்டுதல் இது. கண்புரைக்குக் கொடுப்பதைக் குறைக்காதீர்கள். அதோடுகூட வெள்ளைக் கோலுக்கும், பெரிதாக்கும் கண்ணாடிக்கும், கைப்பேசி தமிழில் வாசித்துக் காட்டுவதைக் கற்றுக்கொடுக்கிறவரின் சம்பளத்துக்கும், ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டிலிருந்து வந்துபோகிற பேருந்துக் கட்டணத்துக்கும் கொஞ்சம் ஒதுக்குங்கள். ஆண்டறிக்கையில் பார்வை பெற்றவர் எத்தனை பேர் என்ற பத்தியில் இவர்கள் வரமாட்டார்கள். தயவுசெய்து அந்தப் பத்தியை மட்டும் பார்த்து எங்களைக் கேள்வி கேட்காதீர்கள். சபைகளில் இருப்பவர்களுக்கு இன்னொன்று: அடுத்த ஞாயிறு உங்கள் ஸ்தோத்திரத்துக்குத் திரும்பாமல் போகிறவரிடம், நேர் எதிரே போய் நின்று, உங்கள் பெயரைச் சொல்லி ஒருமுறை பேசிப்பாருங்கள்.

அந்தத் தம்பி இப்போதும் பேக்கிங் பிரிவில் இருக்கிறார். புலம் இன்னும் சுருங்கியிருக்கிறது, போன பரிசோதனையில் டாக்டர் சொன்னார். இரண்டு வருஷமாக மறுபடியும் கேரல் ரவுண்ட்ஸ் போகிறார். அம்மா மட்டும் மாறவில்லை. ஞாயிறு ஆராதனை முடிந்து வீட்டுக்குப் போனால், "சாப்பிடு கண்ணு" என்று தட்டில் ஈரல் வறுவல் வந்துவிடுகிறதாம். அது இதற்கு மருந்தில்லை என்று அவருக்கும் தெரியும், அம்மாவுக்கும் இப்போது தெரியும். நிறுத்தச் சொல்லட்டுமா என்று எங்களைக் கேட்டார். நன்றாக இருக்கிறதா என்று கேட்டோம். நன்றாகத்தான் இருக்கிறது என்றார்.